ஒற்றி எடுத்த துணி

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே மடத்தில் எல்லோரும் சுகம். உன் முதுகுவலி தேவலையா? போனிலேயே பேசலாம்தான். ஆனால் நான் ஒருவரைப் பற்றிப் பேச்சை எடுத்தால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பேழை நேற்று வண்டி ஏறிவிட்டது. மரத்தைப் பூச்சி அரிக்கிறது, உள்ளே பட்டு பொடிப்பொடியாக உதிர்கிறது. உன் அருங்காட்சியகப் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று மதரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். "உன் தம்பி கோயில் பக்கமே போகாதவனாமே, அவன்கிட்ட எப்படி நம்பிக் குடுக்கிறது?" என்றார்கள். "கும்பிட மாட்டான் மதர், ஆனா கை சுத்தம். என் தலையை அடகு வைக்கிறேன்" என்றேன். ஆக, உன் மேசைமேல் வந்து உட்காரப் போவது என் தலையும்தான்.

உள்ளே இரண்டு சிமிழ்கள் இருக்கின்றன. ஒன்றில் வைத்தியராக இருந்த புனிதரின் எலும்புத் துணுக்கு. நாங்கள் அவரை டாக்டர் என்போம். மற்றதில் ஒரு மறைசாட்சி. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார் என்று மட்டும் தெரியும், பெயர் தெரியாது. டாக்டருக்குப் பக்கத்திலேயே காலம்காலமாகக் குடியிருப்பதால் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை வருகிற ஜனங்கள் டாக்டர் கண்ணாடியில் முத்தமிட்டு, கன்னத்தை வைத்து அழுதுவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேழைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியோடு நிற்பவள் நான். ஒவ்வொரு வாய் பட்டதும் கண்ணாடியைத் துடைப்பேன். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, டாக்டர் கண்ணாடியில் ஒற்றி எடுத்த துணியைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தனுப்புவோம். அதை நெற்றியில் வைத்துக்கொள்வார்கள், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். இப்போது நாலு மாதத்துக்குக் கண்ணாடி இல்லை. நோய்க்கு லீவு ஏது? அதனால் ஆறு துண்டு இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து அனுப்பு. நீ நம்ப வேண்டாம், ஒற்றினால் போதும்.

நீ கேட்கவில்லை. அப்பா நலம். மடத்தை ஒட்டிய முதியோர் இல்லத்தில் எல்லாப் பூட்டுக்கும் எண்ணெய் விட்டு முடித்துவிட்டு, இப்போது கடிகாரங்களில் கை வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

நான் சுகம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? மதர், சமையலறை சிஸ்டர், உங்கள் திருட்டுப் பூனை எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தலை பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் நினைத்ததைவிட அழகான வேலை. சுவர்க்கடிகாரம் போன்ற உருவம், முன்னால் இரண்டு வட்டக் கண்ணாடி. ஆனால் திறப்பது பின்பக்கம். பின்கதவில் நாலு அரக்கு முத்திரை. அவற்றை நான் தொடக்கூடாதாம். உங்கள் மறைமாவட்ட ஆயரின் செயலராக இருக்கிற சாமியார் மார்ச் ஒன்பதாம் தேதி நேரில் வந்து உடைப்பார். மே இருபதாம் தேதி திரும்ப வந்து, நூல் கட்டி, புது அரக்கு வைப்பார். அப்போது "இந்தச் சிமிழில் இருப்பது இன்னாருடையது" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பேழையை ஜனங்கள் முன் வைக்க முடியாது என்றார். சாமி கும்பிடாதவன் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கண்ணாடி மிகவும் மங்கல். நீ துடைத்துத் துடைத்தே தேய்த்திருக்கிறாய். முன்னால் நின்று எடுத்த படத்தில் இரண்டு பழுப்புக் கறைதான் தெரிகிறது.

நீ அனுப்பிய துணியை ஒற்றி இதோடு வைத்திருக்கிறேன், ஆறும் சரியாக இருக்கிறதா பார்.

மூடியிருப்பதைத் திறந்து பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. அம்மாவின் சவப்பெட்டி ஒன்றைத் தவிர, எல்லா மூடியையும் எனக்குத் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? என் முழங்கால் மழைக்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்கிறது, அவ்வளவுதான். பூனை தன் தொழிலைக் குறைவில்லாமல் செய்துவருகிறது.

துணி வந்தது. முதல் துண்டு லிப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குப் போனது. இருபது நாளாகக் காய்ச்சல், என்ன காய்ச்சலென்று யாருக்கும் பிடிபடவில்லை. துணியை வைத்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று தானே நடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பிக்கும் சேர்த்து வேண்டிக்கிறேன் சிஸ்டர்" என்றாள். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள்.

கடைசி வரியில் ஒரு குத்து வைத்திருந்தாயே. நான் மறக்கவில்லை. நீ வந்து சேர ஆறு மணி நேரம் தாமதம். அதற்குள் அப்பா தன் கையால் மூடியைச் சாத்தித் திருகாணி முடுக்கிவிட்டிருந்தார். "ஒரே ஒரு தடவை கையத் தொட்டுக்கிறேன்" என்று நீ கெஞ்சினாய். வாழ்நாள் முழுக்க ஊரார் பூட்டைத் திறந்து கொடுத்த மனிதர், திருப்புளியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பதினோரு வருஷம் ஆகிறது. ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கும் தெரியாது. கேட்டால் எழுந்து போய்விடுகிறார். இந்த விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒரே அச்சு.

இன்னொன்று. மிச்சத் துண்டுகள் என் மேசைமேல் இருந்தன. அப்பா மாத்திரை வாங்க வந்தவர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். "என்னம்மா இது, மெழுகு வாசனை, பித்தளைப் பாலிஷ் வாசனை. உங்க டாக்டர் பட்டறை வச்சிருக்காரா?" என்றார். நீ அனுப்பியது என்றேன். மறுபடி முகர்ந்தார். எலும்பைக் கும்பிடுகிற கூட்டம் என்று இருபத்திரண்டு வருஷமாக என்னைக் கிண்டல் செய்கிறவர், அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீ கேட்கவில்லை. அப்பா நலம்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒரு சின்ன விவரம் வேண்டும். ஜனங்கள் முத்தமிடுகிற கண்ணாடி எந்தப் பக்கம்? டாக்டர் இடதா, வலதா? எதிரில் நின்று பார்ப்பவர் கணக்கில் சொல். நினைவிலிருந்து சொன்னால் போதும், மதரிடம் கேட்க வேண்டாம். நான் கேட்டதாகவும் சொல்ல வேண்டாம். கண்ணாடித் தேய்மானம் பற்றிய குறிப்புக்காகத்தான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம். உனக்கு எப்படி என்று உன் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

எதிரில் நின்று பார்த்தால் டாக்டர் இடப்பக்கம். இதற்கு மதரைக் கேட்பானேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் கை இடப்பக்கம்தான் போகும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். டாக்டர் எந்தப் பக்கம் என்று உனக்கு இப்போதுதான் தெரியும் என்றால், போன மாதம் என் ஆறு துண்டுத் துணியை நீ எங்கே ஒற்றினாய்?

தமாஷுக்குக் கேட்கவில்லை. அதில் ஒரு துண்டு, ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் நெற்றிமேல் இருக்கிறது. குழந்தையின் அம்மாவிடம் "ஒற்றியதுதான்" என்று சொல்லி, என் கையால் கொடுத்தேன்.

மதர் மே இருபதை எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜனங்கள் இப்போதும் வருகிறார்கள். பேழை இருந்த இடத்தில் சுவரில் வெளுப்பாக ஒரு தடம் இருக்கிறது, அதன் முன்னால் நிற்கிறார்கள்.

நீ கேட்கவில்லை. அப்பா நலம்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருந்தால் ஒரு வரி போட்டிருப்பாய். ஆகவே உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேறெங்கோ இடிக்கிறது.

ஆறு துண்டைப் பற்றி நான் மறுபடி கேட்கப் போவதில்லை. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. அதை வைத்து உன்னைத் தப்பவிடுகிறேன் என்று நினைக்காதே.

இதோடு ஒரே ஒரு துணி வைத்திருக்கிறேன். இது நான் வெட்டிய புதுத்துணி அல்ல. யாருக்கு என்று கேட்காதே. இதை மட்டும் அவசரப்படாமல் செய். முதலில் உன் கையில் கொஞ்ச நேரம் வைத்திரு. பிறகு டாக்டர்மேல் ஒற்று. ஒற்றியதும் அன்றைக்கே தபாலில் போடு. இந்த ஒரு துணிக்கு மட்டும் எனக்கு உண்மை வேண்டும். ஒற்றாவிட்டால் ஒற்றவில்லை என்று எழுது.

சீக்கிரம்.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

உண்மை கேட்டாய். எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

முதலில் அந்த ஆறு துண்டு. நான் எங்கேயும் ஒற்றவில்லை. பட்டறையில் நாலு பேர் பார்க்கத் துணியை எடுத்துப் பேழைமேல் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு நாள் என் கருவிகள் இருக்கும் இழுப்பறையில், மெழுகு டப்பாவுக்கும் பாலிஷ் புட்டிக்கும் நடுவில் கிடந்தன. அப்படியே எடுத்து உறையில் போட்டேன். லிப்ட் மெக்கானிக்கின் மனைவி எதை நெற்றியில் வைத்தாள் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது சின்ன விஷயம். பெரியது இனிமேல்தான்.

மார்ச் ஒன்பதாம் தேதி சாமியார் வந்து முத்திரையை உடைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் கிளம்பிவிட்டார். பேழையைக் குப்புறக் கிடத்திப் பின்கதவைத் திறந்தேன். பசையைப் பூச்சி தின்றிருந்தது. பெயர் எழுதிய சீட்டு இரண்டும் சிமிழ்களைவிட்டு எப்போதோ உதிர்ந்து அடியில் கிடந்தன. சரி, சீட்டு போனால் என்ன, இடம் இருக்கிறதே என்று, துணுக்குகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்து மூடி, ஒன்றின்மேல் "இடது" என்றும் மற்றதின்மேல் "வலது" என்றும் எழுதினேன்.

எந்த இடது, அக்கா? பேழையை நான் பின்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகும். இந்தத் தொழிலில் எப்போதும் முன்பக்கக் கணக்குத்தான் எழுத வேண்டும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அப்படி எழுதினேனா, கண்ணுக்குத் தெரிந்தபடி எழுதினேனா என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அன்று காலைதான் உன் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதம் வந்திருந்தது. அவர் துணியை முகர்ந்தார் என்ற இடத்தைப் படித்துவிட்டு நேராகப் போய் மேசையில் உட்கார்ந்தேன். கை வேலை செய்தது, மனசு அங்கே இல்லை.

இரண்டும் நகத்துணுக்கு அளவு, ஒரே நிறம். உருப்பெருக்கியில் மணிக்கணக்காகப் பார்த்துவிட்டேன். எது டாக்டர், எது பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்ல முடியவில்லை. சரிபாதி வாய்ப்பு. ஏதோ ஒன்றை இடப்பக்கம் வைத்து, சீட்டை ஒட்டி, கையெழுத்துப் போட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நேற்றுவரை அப்படித்தான் செய்வதாக இருந்தேன். நீ உன் தலையை அடகு வைத்திருக்கிறாய். மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் என் மேசை போகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து, வாயை மூடிக்கொண்டிருப்பது.

ஆனால் நீ அனுப்பிய துணியை எதன்மேல் ஒற்றுவது? இரண்டிலும் ஒற்றி அனுப்பினாலும் அது நீ கேட்ட உண்மை ஆகாது. அதனால் ஒற்றவில்லை. கையுறையோடு எடுத்து, காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். பழைய துணி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் மஞ்சளாகியிருக்கிறது. மூலையில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. யார் தைத்தது?

கடைசியாக ஒன்று. உன் போன கடிதத்தில் ஒரு வரி இல்லை. எப்போதும் எழுதுகிற வரி. மறந்துவிட்டாயா?

தம்பி


மே 8

அக்காவுக்கு,

பதில் இல்லை. மடத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "சிஸ்டர் பக்கத்துல முதியோர் இல்லத்துல இருக்காங்க" என்றார்கள். என்ன விஷயம் என்று கேட்க வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

இன்னும் பன்னிரண்டு நாள். மேற்பார்வையாளர் இன்று என் மேசைக்கு வந்து, "என்ன, சீட்டு இன்னும் ஒட்டலையா?" என்று கேட்டார். பசை காய வேண்டும் என்றேன். பசை கலக்கவே இல்லை.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. அந்த வரியை ஏன் விட்டாய் என்று மட்டுமாவது எழுது.

தம்பி


மே 10

அன்புத் தம்பிக்கு,

கோபம்தான். ஆனால் அதற்காகப் பேசாமல் இருக்கவில்லை. உன் கடிதம் வந்து பத்து நாள் அதை என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். "எதையாவது ஒட்டு, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பதில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன், என் கையெழுத்துதான். கிழித்துப் போட்டேன். மறுநாள் மறுபடி அதையே எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் பேழைப் பக்கத்தில் நின்றவள் உன்னைவிடப் பெரிய யோக்கியம் என்று நினைக்காதே.

நேற்று மதரிடம் போய்ச் சொன்னேன். உன் கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார்கள். "இவன் நினைச்சிருந்தா சொல்லாமலே ஒட்டி அனுப்பியிருக்கலாம். நாம செத்துப் போறவரைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்கள். பிறகு, "நீ பத்து நாள் வச்சிருந்தியே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று கையை நீட்டினார்கள். பேழை அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இனி வெள்ளிக்கிழமைகளில் துணியோடு வேறொரு சிஸ்டர் நிற்பார். சரியான தண்டனைதான், ஆனாலும் வலிக்கிறது. சாமியாரிடம் நீயே சொல்ல வேண்டும் என்பது மதரின் உத்தரவு.

எது யாருடைய எலும்பு என்பது ஆண்டவருக்குத் தெரியும். அதை நினைத்து எனக்குத் தூக்கம் கெடவில்லை. என் தம்பி பொய்க் கையெழுத்துப் போடுவானா என்பதுதான் கெடுத்தது.

இனி அந்த வரி.

ஏப்ரல் பதினாலாம் தேதி காலையில் அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. இரண்டாம் நாள் பேச்சு பாதி திரும்பியது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூட்டுப் பெட்டியைக் காட்டினார். மூன்று பூட்டு போட்ட பெட்டி, உனக்கு நினைவிருக்கும். உள்ளே காகிதத்தில் சுற்றிய ஒரு துணி. அதை எனக்கு விளக்கிச் சொல்ல அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

அம்மாவின் தலையணை உறையிலிருந்து கிழித்த துண்டு அது. மூலையில் இருக்கும் முடிச்சு அம்மா போட்டது. நூலை இரண்டு சுற்றுச் சுற்றித்தான் எப்போதும் முடிப்பாள். கடைசி மூன்று வாரம் அப்பா அந்தத் துணியால்தான் அம்மாவின் முகத்தையும் கையையும் துடைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அதைத் துவைக்கவில்லை. அம்மா போன அன்று மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மூடியை ஏன் சாத்தினார் என்றும் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாளாம். அந்த நோய் முகத்தை என்ன செய்திருந்தது என்று நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. "எம் பையன் இந்த மூஞ்சியப் பார்க்கக் கூடாது. நான் சொன்னேன்னும் அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா எப்படி இருந்தாளோன்னு நினைச்சுக்கிட்டே இருப்பான்" என்றாளாம். அப்பா சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். சொன்ன சொல்லைப் பதினோரு வருஷம் காப்பாற்றியிருக்கிறார். நீ திட்டியதையும் வாங்கி அதே பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

அன்றைக்கு உன் துணியில் பட்டறை வாசனை வந்ததே, அப்போது தோன்றியதாம். "அவன்தான் கையத் தொடணும்னு கேட்டான். குடுக்கல. இதையாவது தொடட்டும்" என்றார். "உன்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது. எலும்புல ஒத்தறதுக்குன்னு சொல்லி அனுப்பு. வேற எதுவும் சொல்லாத" என்றார். நானும் சொல்லவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று பொய் எழுத எனக்கு வரவில்லை, நிஜம் எழுத அனுமதி இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

இப்போது அப்பாவிடம் கொடுத்த வார்த்தையை மீறி எழுதுகிறேன். ஏனென்றால், நீ கையுறை போட்டு எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய்.

வைத்தியர் நாள் எதுவும் குறித்துச் சொல்லவில்லை. அப்பா தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் கண் திறந்து என்னைப் பார்க்கிறார்.

அக்கா


மே 14

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவருகிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அக்காவிடம் போனில் அப்படித்தான் செய்வேன். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறவன் எழுந்து போக முடியாது, கடைசி வரி வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதனால் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வண்டிதான் காரணம்.

இன்று காலை சாமியாரைப் போய்ப் பார்த்தேன். எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, என் தப்பு என்று சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். பிறகு ஆயரிடம் கேட்டுவிட்டு வந்தார். இரண்டு துணுக்கையும் ஒரே சிமிழில், இரண்டு சீட்டோடு வைத்து ஒரே முத்திரை போடப் போகிறார்களாம். "இத்தனை வருஷமா அந்தப் பேர் தெரியாதவருக்கு ஒரு முத்தம்கூடக் கிடைக்கலையே. இனிமே கிடைக்கட்டும்" என்றார். என் கையெழுத்தும் வேண்டுமாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதி, அதன் கீழே போட வேண்டுமாம். மேற்பார்வையாளர் என்னிடமிருந்து பேழைகளை வாங்கிக்கொண்டார். திரும்பிப் போனால் நாற்காலிக் கால்களுக்கு வர்ணம் பூசுவேன். அது பரவாயில்லை.

அக்கா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.

நேற்று அவள் கடிதத்தைப் படித்ததும் இழுப்பறையைத் திறந்தேன். கையுறையைக் கழற்றினேன். பட்டறையில் எல்லோரும் இருந்தார்கள். இந்தத் தடவை எனக்கு வெட்கமாக இல்லை. அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தேன். என் பள்ளிக்கூடப் பையிலும் அம்மா இதே முடிச்சுத்தான் போட்டுக் கொடுப்பாள். யார் தைத்தது என்று கேட்டு எழுதினேனே, எவ்வளவு முட்டாள் நான். துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

என்னிடம் நீங்கள் சொல்லியிருக்கலாம் அப்பா. சொல்லியிருந்தால் அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை போயிருக்கும், அதுவும் புரிகிறது. உங்களைத் திட்டிய பதினோரு வருஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெட்டியில் இடம் இருந்தால் சொல்லுங்கள்.

துணியை டாக்டர்மேல் ஒற்றவில்லை. அதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் சட்டைப்பையில் இருக்கிறது. உங்கள் நல்ல கையில் கொடுப்பேன்.

அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் "நீ கேட்கவில்லை" என்று எழுதுவாள். உண்மைதான், ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. இப்போது அக்காவிடம் கேட்காமல் உங்களிடமே கேட்கிறேன். மெதுவாகச் சொன்னால் போதும். கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எங்கேயும் எழுந்து போகமாட்டேன்.

அப்பா, எப்படி இருக்கீங்க?